குறித்தது கைவிட்டுப் போகாமல்: டேப்லெட்டில் ஆய்வுக்கட்டுரை வாசிக்கும் முறை

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், முன்னாய்வுகள் பற்றிய இயலை எழுத உட்கார்ந்தபோது என் டேப்லெட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மஞ்சள் பூசிக் கிடந்தன. எதைத் திறந்தாலும் முன்னுரையில் பாதி மஞ்சளாக இருந்தது. அந்த வரியை எதற்காகப் பூசினேன் என்பது மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இன்னும் இருபது கட்டுரைகளின் நிலை அதைவிட மோசம். அவற்றை ஒரு பிடிஎஃப் வாசிப்புச் செயலியில் திறந்து குறித்திருந்தேன். மேற்கோள் மென்பொருளில் இருந்தது குறிகள் இல்லாத வேறு பிரதி. ஒருநாள் டேப்லெட்டை முழுவதும் அழித்து மீட்டமைக்க நேர்ந்தபோது அந்த மூன்று மாதக் குறிப்புகள் மொத்தமாகப் போயின. எண்பதுக்கும் மேற்பட்ட அந்தக் கட்டுரைகளை எல்லாம் மறுபடி வாசித்தேன். அந்த மறுவாசிப்பின்போது அமைத்துக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த முறைக்கு அடிப்படை ஒன்றுதான். டேப்லெட்டில் இடும் ஒவ்வொரு குறியும், எந்தக் கட்டுரை, எந்தப் பக்கம், ஏன் குறித்தேன் என்ற மூன்று விவரங்களோடு எழுதும் மேசைக்குத் திரும்பி வரவேண்டும். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது முதல் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது வரை எல்லா முடிவுகளையும் இதை வைத்தே எடுக்கிறேன்.

எந்த மென்பொருள்

நான் பயன்படுத்துவது, கட்டுரைகளையும் அவற்றின் நூல்விவரங்களையும் சேர்த்துவைத்து மேற்கோள்களை உருவாக்கித் தரும் ஜோட்டெரோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக்கும் புதிய ஊடகத்துக்குமான ஆய்வு மையத்தில் 2006-இல் தொடங்கப்பட்ட இந்தத் திறமூல மென்பொருளை இப்போது இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று வளர்த்துவருகிறது, கட்டணம் இல்லை. இதன் ஆறாம் பதிப்பு 2022 மார்ச்சில் வந்தபோதுதான், பிடிஎஃப்பை உள்ளேயே திறந்து குறிக்கும் வசதியும் ஐபேடுக்கான செயலியும் கிடைத்தன. அதற்கு முன்பு ஜோட்ஃபைல் என்ற செருகுநிரல் வழியாகக் கோப்பை டேப்லெட்டுக்கு அனுப்பி, வேறு செயலியில் குறித்து, மறுபடி இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தப் போக்குவரத்தில்தான் பிரதிகள் இரண்டாகப் பிரிந்துபோகும். ஆண்ட்ராய்டு செயலி சற்றுப் பிந்தி வந்தது. மெண்டலே போன்ற வேறு மென்பொருள்களும் உண்டு. ஆனால் மெண்டலேயின் கைப்பேசி, டேப்லெட் செயலிகள் 2021-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டதால், டேப்லெட்டில் வாசிப்பதையே முதன்மையாகக் கொண்டவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஜோட்டெரோவைத் தொடங்குவதற்கு முன் ஒரு செய்தியைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பலரும் இதை அறியாமல்தான் குழம்புகிறார்கள். ஜோட்டெரோவில் நீங்கள் இடும் வண்ணமும் எழுதும் கருத்துரையும் பிடிஎஃப் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. அவை ஜோட்டெரோவின் தரவுத்தளத்தில் தனியே சேமிக்கப்படுகின்றன. இதனால் ஒரு நன்மை உண்டு: நாற்பது மெகாபைட் கோப்பில் ஒரு வரியைக் குறித்தால் அந்த ஒரு வரி மட்டுமே கருவிகளுக்கிடையிலான ஒத்திசைவில் செல்லும், கோப்பு முழுவதும் மறுபடி ஏறாது. ஒரு பின்விளைவும் உண்டு: அதே கோப்பைக் கோப்புறையிலிருந்து வேறு செயலியில் நேராகத் திறந்தால் உங்கள் குறிகள் எதுவும் அதில் தெரியாது. குறிகளோடு சேர்ந்த பிரதி தேவையென்றால் அதற்கென உள்ள ஏற்றுமதிக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

வாசிக்கத் தொடங்கும் முன்

கணினியில் ஜோட்டெரோவை நிறுவி, அதன் இணையதளத்தில் கணக்கொன்று தொடங்கி, அதே கணக்கால் கணினியிலும் டேப்லெட்டிலும் உள்நுழையுங்கள். நூல்விவரங்களும் குறிப்புகளும் அளவுக் கட்டுப்பாடின்றி ஒத்திசைவாகும். கோப்புகளுக்கு மட்டும் 300 மெகாபைட் இலவச இடம் உண்டு. வழக்கமான கட்டுரை ஒன்றிரண்டு மெகாபைட் இருக்கும் என்பதால் ஏறத்தாழ இருநூறு கட்டுரைகள் வரை இது தாங்கும். படமாக வருடப்பட்ட ஆய்வேடுகள் நான்கைந்து சேர்ந்தாலே இடம் நிரம்பிவிடும். அப்போது கட்டணம் செலுத்தி இடத்தைக் கூட்டலாம்; அல்லது இணையம் வழியே கோப்புகளைப் பரிமாறும் வெப்டாவ் நெறிமுறையை ஏற்கும் ஏதேனும் சேமிப்பகத்தை அமைப்புகளில் இணைத்துக்கொள்ளலாம். வெப்டாவ் உங்கள் சொந்த நூலகத்துக்கு மட்டுமே பயன்படும், குழு நூலகங்களுக்குப் பயன்படாது என்பதை நினைவில் வையுங்கள்.

இங்கே இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையையே ட்ராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் போன்ற மேகக் கோப்புறைக்குள் சிலர் வைத்துவிடுகிறார்கள். தரவுத்தளம் திறந்திருக்கும்போதே மேகச் சேவையும் அதை எடுத்துச் செல்ல முயல்வதால் தரவுத்தளம் சிதையக்கூடும்; இதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். இரண்டாவது, கோப்பை நூலகத்துக்குள் சேமிக்காமல் கணினியில் அது இருக்கும் இடத்துக்கு இணைப்பு மட்டும் கொடுக்கும் வசதி. அப்படி இணைக்கப்பட்ட கோப்புகள் டேப்லெட்டுக்கு வராது. ‘கணினியில் இருக்கிறது, டேப்லெட்டில் திறக்கவில்லை’ என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டேப்லெட் செயலி கோப்பை நீங்கள் தொடும்போதுதான் பதிவிறக்கும். எனவே தொடர்வண்டியில் வாசிக்கத் திட்டமிட்டிருந்தால், புறப்படும் முன்பே வீட்டு வைஃபையில் அந்தக் கட்டுரைகளை ஒருமுறை திறந்து மூடிவிடுங்கள். நான் ‘இவ்வாரம்’ என்றொரு தொகுப்பு வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை அதில் நான்கைந்து கட்டுரைகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிடுவது வழக்கம்.

கட்டுரை முறையாக உள்ளே வரவேண்டும்

பிடிஎஃப் கோப்பை மட்டும் நூலகத்துக்குள் தள்ளிவிட்டுக் குறிக்கத் தொடங்காதீர்கள். ஆசிரியர், ஆண்டு, இதழ் ஆகிய விவரங்களைக் கொண்ட தாய்ப் பதிவு ஒன்று இருந்து, அதன்கீழ் கோப்பு அமர வேண்டும். அப்போதுதான் குறிப்பு வெளியே வரும்போது மேற்கோளும் கூடவே வரும். ஐபேடில் சஃபாரியில் கட்டுரையின் பக்கத்தைத் திறந்து, பகிர்வுப் பட்டியலில் ஜோட்டெரோவைத் தேர்ந்தால் விவரங்களும், அனுமதி இருந்தால் கோப்பும் சேர்ந்து வந்துவிடும். டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணோ, ஆர்க்கைவ் என்ற முன்பதிப்புக் களஞ்சியத்தின் எண்ணோ தெரிந்தால் அதை நேரடியாக உள்ளிட்டும் சேர்க்கலாம். வந்த விவரங்களை அரை நிமிடம் சரிபார்த்துவிடுங்கள். தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து எது, பெயர் எது என்பதை மென்பொருள் அடிக்கடி தவறாகப் பிரிக்கிறது. அங்கே பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே புலத்தில் இடும் வசதியைப் பயன்படுத்துவது நல்லது.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா களஞ்சியத்திலிருந்து எடுக்கும் ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனிப் பதிவாக்காமல், ஆய்வேடு என்ற வகையில் ஒரே தாய்ப் பதிவை உருவாக்கி, எல்லா இயல்களையும் அதன்கீழ் இணைத்து, கோப்புப் பெயரில் இயல் எண்ணை இடுங்கள்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் நூலகத்தில் இருந்தால் ஜோட்டெரோ எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை ஒருபோதும் மூடிவிட்டுக் கடக்காதீர்கள். என்ன காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டது என்று வாசித்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுங்கள்.

திரையும் எழுத்தளவும்

ஏ4 தாளின் மூலைவிட்டம் ஏறத்தாழ 14.3 அங்குலம். 11 அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்து முழுப் பக்கத்தையும் காட்டினால், பக்கம் நான்கில் மூன்று பங்காகச் சுருங்கி, 10 புள்ளி எழுத்து 7.5 புள்ளியாகத் தெரியும். அரைமணி நேரத்தில் கண் களைத்துப்போவதற்கு இந்தச் சுருக்கமே காரணம். திரையின் ஒளியைக் குறை சொல்லிப் பயனில்லை. டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் திருப்பி, பக்கத்தின் அகலத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்துங்கள். அச்சுத்தாளில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாகவே எழுத்து தெரியும். ஒரு பக்கத்தை இரண்டு பாதிகளாக வாசிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு பத்திகளாக அச்சிட்ட கட்டுரைக்கு இது சற்று இடையூறு, ஏனென்றால் இடப்பத்தியின் அடிவரை இறங்கி, மீண்டும் மேலேறி வலப்பத்தியைத் தொடங்க வேண்டும். 12.9 அங்குலத் திரை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இராது.

வாசிப்பு: ஒரு கட்டுரையை அருகிலிருந்து பார்ப்போம்

எஸ். கேசவ் என்ற கணினியியலாளர் 2007-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில், ஆய்வுக்கட்டுரையை மூன்று சுற்றுகளாக வாசிக்கும் முறையை விளக்கியிருக்கிறார். முதல் சுற்று ஐந்து முதல் பத்து நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. இரண்டாவது ஒரு மணி நேரம் வரை: படங்களையும் அட்டவணைகளையும் கவனமாகப் பார்த்து, நிறுவல்களைத் தள்ளிவைத்து உள்ளடக்கத்தைப் பற்றிக்கொள்வது. மூன்றாவது, அந்த ஆய்வை நாமே மறுபடி செய்வதுபோல ஒவ்வொரு அனுமானத்தையும் கேள்வி கேட்டு வாசிப்பது. டேப்லெட்டுக்கு இந்த முறையைப் பொருத்தும்போது நான் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டேன்: முதல் சுற்றில் எதையும் குறிப்பதில்லை. பேனாவை மேசையில் வைத்துவிடுகிறேன். என் பழைய மஞ்சள் வெள்ளம் முழுவதும் முதல் சுற்றில் வந்ததுதான். கட்டுரை என்ன சொல்லப்போகிறது என்று தெரியாதபோது எல்லா வரிகளும் முக்கியமானவையாகவே தோன்றும்.

இரண்டாம் சுற்றில் எப்படிக் குறிக்கிறேன் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு காட்டுகிறேன். தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பு என் துறை. ஆகவே 2017-இல் வெளிவந்த, இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான ‘அட்டென்ஷன் இஸ் ஆல் யூ நீட்’ என்ற கட்டுரையை எடுத்துக்கொள்வோம். எட்டு ஆசிரியர்கள், பதினைந்து பக்கங்கள். ஆர்க்கைவ் களஞ்சியத்தில் அதன் எண்ணான 1706.03762-ஐ ஜோட்டெரோவில் உள்ளிட்டால் அது எடுத்துக்கொள்ளும்.

சுருக்கத்தில், ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு 28.4 ப்ளூ மதிப்பெண் (இயந்திர மொழிபெயர்ப்பின் தரத்தை அளக்கும் அளவீடு), ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு 41.8 என்று அறிவிக்கிறார்கள். இது கட்டுரையின் மைய உரிமைகோரல் என்பதால் மஞ்சள். இரண்டாம் அட்டவணைக்குச் செல்லுங்கள். பெரிய மாதிரிக்கு 28.4, 41.8 என்று அதே எண்கள் இருக்கின்றன. இப்போது முடிவுகளை விவரிக்கும் 6.1-ஆம் பகுதியின் உரைநடையை வாசியுங்கள். பிரெஞ்சுக்கான மதிப்பெண் அங்கே 41.0 என்று இருக்கிறது. கட்டுரையின் முதல் வடிவத்தில் இருந்த எண்ணைப் பின்னால் சுருக்கத்தில் திருத்தியவர்கள், உரைநடையில் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் வாசித்த கட்டுரையிலேயே இப்படி ஒரு முரண் கிடக்கிறது. இரண்டு எண்களையும் சிவப்பால் குறித்து, ஒவ்வொன்றின் கருத்துரையிலும் மற்றதன் பக்க எண்ணை எழுதி வைத்தேன். என் ஆய்வேட்டில் இந்த எண்ணைக் குறிப்பிட்டபோது, அட்டவணையிலிருந்து எடுத்தேன் என்று தெளிவாகச் சொல்ல அந்தச் சிவப்புக் குறிதான் உதவியது. ஆர்க்கைவ் கட்டுரைகளில் எந்த வடிவத்தை வாசிக்கிறீர்கள் என்பதைப் பதிவின் கூடுதல் குறிப்புப் புலத்தில் எழுதிவைப்பது இதனால்தான் இன்றியமையாதது.

இன்னொரு இடம். 3.2.1-ஆம் பகுதியில், சொற்களைக் குறிக்கும் இரண்டு திசையன்களின் பெருக்கற்பலனை ஏன் பரிமாணத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம் என்பதற்கு ஆசிரியர்கள் காரணம் சொல்கிறார்கள்: பரிமாணம் பெரிதாகும்போது பெருக்கற்பலன்களும் பெரிதாகி, மதிப்புகளை நிகழ்தகவுகளாக மாற்றும் சாஃப்ட்மேக்ஸ் சார்பைச் சரிவு மிகச் சிறியதாக உள்ள பகுதிக்குத் தள்ளிவிடுகின்றன. இந்த வாக்கியத்தைப் பலரும் நிறுவப்பட்ட உண்மையாகவே எடுத்தாள்கிறார்கள். ஆனால் ஆசிரியர்கள் அதை ‘நாங்கள் ஐயுறுகிறோம்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறார்கள். அடிக்குறிப்பில் அவர்கள் தருவது, சராசரி சுழியும் மாறுபாடு ஒன்றும் உள்ள சார்பற்ற உறுப்புகளை எடுத்துக்கொண்டால் பெருக்கற்பலனின் மாறுபாடு பரிமாணத்துக்குச் சமமாகும் என்ற கணக்கு மட்டுமே. நான் அந்த வாக்கியம் முழுவதையும் பூசவில்லை. ஐயுறுகிறோம் என்ற அந்த ஒரு சொல்லின் கீழ் கோடிட்டு, ‘நிறுவல் அல்ல, கருதுகோள். அடிக்குறிப்பில் மாறுபாட்டுக் கணக்கு உண்டு; சரிவு குறைவதைக் காட்டும் சோதனை இந்த இடத்தில் இல்லை’ என்று எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு குறி என்றாலும் அது இப்படி இருந்தால் போதும்.

தரவு பற்றிய 5.1-ஆம் பகுதியில், ஜெர்மன் பயிற்சிக்கு ஏறத்தாழ 45 இலட்சம் வாக்கிய இணைகளைப் பயன்படுத்தியதாக இருக்கிறது. ஜெர்மன் ஆய்வாளருக்கு அது வெறும் விவரம். தமிழுக்கு வேலை செய்கிறவருக்கு அதுவே கேள்வி. அந்த எண்ணுக்கு அருகே, ‘நம்மிடம் உள்ள இணைவாக்கியங்கள் இதில் எத்தனை பங்கு? குறைந்த தரவில் இந்த முடிவு நிற்குமா?’ என்று எழுதி, கேள்வி என்ற குறிச்சொல்லை இட்டேன். மூன்றாம் அட்டவணையைச் செவ்வகத் தேர்வுக் கருவியால் படமாகவே எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு கவனத்தலையை (சொற்களுக்கிடையிலான தொடர்பைக் கணக்கிடும் பகுதி) மட்டும் வைத்தால் சிறந்த அமைப்பைவிட 0.9 ப்ளூ குறைகிறது என்பது போன்ற ஒப்பீடுகள் அதில் வரிசை வரிசையாக இருப்பதால், வரிகளைப் பூசுவதைவிட அட்டவணை முழுவதும் கண்முன் வருவதே பயனுள்ளது.

கருத்துரை இல்லாத வண்ணம் வேண்டாம்

எட்டு வண்ணங்கள் தரப்பட்டிருந்தாலும் நான்கைத்தான் பயன்படுத்துகிறேன். மஞ்சள் ஆசிரியர்களின் மைய உரிமைகோரலுக்கு. பச்சை முறை, தரவு, அளவு ஆகியவற்றுக்கு. சிவப்பு முரணுக்கும் என் ஐயத்துக்கும். நீலம் சொல் மாறாமல் மேற்கோள் காட்ட வேண்டிய வாக்கியத்துக்கு. எந்த வண்ணம் எதற்கு என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒருமுறை முடிவு செய்தபின் ஆய்வு முடியும்வரை மாற்றாதீர்கள், ஏனென்றால் பின்னர் வண்ணத்தை வைத்துக் குறிகளை வடிகட்டும்போது பழைய கட்டுரைகளும் அதே ஒழுங்கில் இருந்தால்தான் பயன். நீலத்தைத் தனியே வைத்திருப்பதில் எனக்குச் சற்றுப் பிடிவாதம் உண்டு: பிறர் வாக்கியம் எது, என் சுருக்கம் எது என்ற வேறுபாடு குறிப்பிலேயே அழிந்துவிட்டால், அது ஆய்வேட்டில் அறியாமல் செய்த கருத்துத் திருட்டாகப் போய் நிற்கும்.

வண்ணத்தைவிட முக்கியமானது கருத்துரை. குறித்த பகுதியைத் தொட்டால் கருத்துரைக்கான பெட்டி திறக்கும். அதில் குறைந்தது ஒரு வாக்கியமாவது எழுதிவிட்டுத்தான் அடுத்த பத்திக்குச் செல்ல வேண்டும் என்று எனக்கு நானே விதித்திருக்கிறேன். எழுத எதுவும் தோன்றவில்லை என்றால் அந்தக் குறியை அழித்துவிடுகிறேன். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும் கருத்துரையைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கில வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே சுருக்கும்போது, ஆசிரியரின் சொற்களையே இடம் மாற்றி அடுக்கிவிட்டுப் புரிந்துவிட்டது என்று நம்பிக்கொள்ள முடிகிறது. தமிழில் எழுதும்போது புரியாத இடத்தில் வாக்கியம் நகர மறுக்கிறது. அந்த நிற்கும் இடம்தான் மூன்றாம் சுற்றில் நான் திரும்ப வேண்டிய இடம்.

பேனாவால் ஓரத்தில் கையால் எழுதுவது இனிமையானதுதான். சமன்பாட்டை விரித்துப் பார்ப்பதற்கும், படத்தில் அம்பு போட்டுக்காட்டுவதற்கும் நானும் எழுதுகிறேன். ஆனால் மை வடிவில் எழுதியது சொல்லாகத் தேடலில் கிடைக்காது. கணினியில் உள்ள மேம்பட்ட தேடலில் குறித்த பகுதியின் உரையையும் கருத்துரையையும் தேட முடியும் என்பதால், பின்னர் தேட வேண்டியதைத் தமிழ் விசைப்பலகையால் தட்டச்சு செய்துவிடுங்கள்.

தமிழ்க் கட்டுரைகளை வாசிக்கும்போது

இந்தப் பகுதியை ஆங்கில வழிகாட்டிகளில் எதிர்பார்க்க முடியாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பழைய தமிழ் இதழ்களும் ஆய்வேடுகளும் பல, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் தமிழாகவே தெரியும். ஆனால் ஒரு வரியைப் பூசினால் ஜோட்டெரோ பிடித்துக்கொள்ளும் உரை வேறாக இருக்கும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லைப் பூசிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் கிடைக்கும். ஒருங்குறியில் உருவாக்கிய பிடிஎஃப்பிலும், கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ உடைந்து வருவது அரிதல்ல. அந்த உரையை நம்பிக் குறிப்பில் ஒட்டினால் மேற்கோள் சிதைந்துபோகும், தேடலிலும் அகப்படாது.

ஆகவே தமிழ்க் கட்டுரையைத் திறந்ததும் முதல் பக்கத்தில் ஒரு வரியைப் பூசி, பக்கப்பட்டியில் அந்த உரை எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தால் வழக்கம்போலத் தொடரலாம். சிதைந்திருந்தால் உரைப் பூச்சையே விட்டுவிட்டு, செவ்வகத் தேர்வால் அந்தப் பகுதியைப் படமாக எடுத்து, கருத்துரையில் முதன்மையான வரியை உங்கள் கையால் தட்டச்சு செய்யுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் மேற்கோளாகப் போகும் வரி எப்படியும் ஒருமுறை உங்கள் விரல்வழி வரவேண்டியதுதான்.

படமாக வருடிய கோப்பில் எழுத்தே இராது. பூச முயன்றால் எதுவும் பிடிபடாது. டெசராக்ட் என்ற திறமூல எழுத்துணரிக்குத் தமிழ் தெரியும். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கருவி அதைப் பயன்படுத்தி, படத்தின் பின்னால் தேடக்கூடிய உரையடுக்கைச் சேர்த்துத் தரும். இதைக் கணினியில், குறிக்கத் தொடங்கும் முன்பே செய்துவிட்டு, புதிய கோப்பை நூலகத்தில் இடுங்கள். பாதிக் கட்டுரையைக் குறித்தபின் கோப்பை மாற்றினால், குறிகள் பழைய கோப்போடு தங்கிவிடும்.

குறிகளை மேசைக்குக் கொண்டுவருதல்

வாசித்து முடித்த அன்றே கணினியில் அந்தப் பதிவின்மேல் வலச்சொடுக்கி, குறிகளிலிருந்து குறிப்பை உருவாக்கும் கட்டளையைக் கொடுங்கள். பூசிய வரிகள், கருத்துரைகள், படமாக எடுத்த அட்டவணைகள் ஆகிய எல்லாம் பக்க வரிசையில், ஒவ்வொன்றோடும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் அடங்கிய மேற்கோளோடு ஒரே குறிப்பாக வந்து அமரும். ஒரு வரியின்மேல் சொடுக்கினால் பிடிஎஃப்பில் அதே இடம் திறக்கும். நான் இந்தக் குறிப்பின் தலையில் மூன்று வாக்கியங்கள் எழுதுகிறேன்: கட்டுரை எதைக் காட்ட முயல்கிறது, எதை உண்மையில் காட்டியிருக்கிறது, என் ஆய்வில் எந்த இயலுக்கு இது வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் இரண்டாம் வாக்கியத்தை எழுத முடிவதில்லை.

பக்க எண்ணைச் சரிபார்க்க மறவாதீர்கள். இதழில் கட்டுரை 737-ஆம் பக்கத்தில் தொடங்கினாலும் கோப்பில் அது முதல் பக்கம். ஜோட்டெரோ அச்சுப் பக்க எண்ணை ஊகிக்க முயல்கிறது, சில நேரம் தவறிவிடுகிறது. முதல் குறியில் உள்ள பக்க எண்ணைச் சொடுக்கித் திருத்தி, மற்றப் பக்கங்களுக்கும் அதைப் பொருத்தச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும். குறிப்பை உருவாக்கும் முன்பே இதைச் செய்துவிட்டால், ஆய்வேட்டின் நூற்றுக்கணக்கான அடிக்குறிப்புகளைக் கடைசி மாதத்தில் திருத்தும் துன்பம் வராது.

எழுதும்போது, வேர்டில் உள்ள ஜோட்டெரோ பட்டியிலிருந்து குறிப்பை முழுவதுமாக உள்ளே கொண்டுவரலாம். மேற்கோள்கள் உயிருள்ள மேற்கோள்களாகவே வந்து, நூற்பட்டியலிலும் தாமே சேர்ந்துகொள்ளும். லேட்டெக் என்ற ஆவண அமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குப் பெட்டர் பிப்டெக் என்ற செருகுநிரல் உண்டு. அது கணினியில் மட்டுமே இயங்கும், டேப்லெட்டில் செருகுநிரல்களுக்கு இடமில்லை. நான் ஓர் இயலை எழுதத் தொடங்கும்போது, அந்த இயலுக்கான கட்டுரைகள் எல்லாவற்றிலும் சிவப்புக் குறிகளை மட்டும் முதலில் படித்துப் பார்க்கிறேன். முன்னாய்வுகள் ஒன்றோடொன்று எங்கே முரண்படுகின்றன என்பது அங்கேதான் தெரிகிறது. இயலின் வரிசையும் பெரும்பாலும் அதிலிருந்தே கிடைக்கிறது.

ஒத்திசைவு காப்புப்பிரதி ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தவறுதலாக ஒரு பதிவை நிரந்தரமாக அழித்தால் அந்த அழிப்பும் எல்லாக் கருவிகளுக்கும் ஒத்திசைந்துவிடும். மாதம் ஒருமுறை ஜோட்டெரோவை மூடிவிட்டு, தரவுக் கோப்புறையை வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்து வையுங்கள்.

நெறியாளர் ஜோட்டெரோ பயன்படுத்தாதவராக இருந்தால், குறிகளோடு ஏற்றுமதி செய்த பிடிஎஃப்பை அவருக்கு அனுப்புங்கள். அவர் தம் செயலியில் உங்கள் குறிகளைப் பார்த்து, தம் கருத்துகளையும் சேர்த்துத் திருப்பி அனுப்பலாம். திரும்பி வந்த கோப்பைப் பழையதன்மேல் எழுதாமல், அதே தாய்ப் பதிவின்கீழ் தனி இணைப்பாக, ‘நெறியாளர்’ என்று பெயரிட்டுச் சேருங்கள். அதில் உள்ள குறிகள் பூட்டுச் சின்னத்தோடு, திருத்த முடியாதவையாகத் தெரியும்; குறிகளை இறக்குமதி செய்யும் கட்டளையைக் கணினியில் கொடுத்தால் அவையும் தரவுத்தளத்துக்குள் வந்து, நீங்கள் இட்டவற்றைப் போலவே தேடலிலும் குறிப்பிலும் கிடைக்கும்.